சுவரோரத்தில் அப்பாவுக்கு ஓர் இடம்

1999 மே 11, செவ்வாய்

ஆம்பூர். காலையிலேயே அனல். அப்பா போய் ஒரு நாள். மாரடைப்பு. தீயணைப்பு நிலையத்தில், டியூட்டி முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது. உடல் ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில். தம்பி துபாயிலிருந்து வர வியாழன் ஆகும்.

வாங்க வேண்டியது: காபித்தூள், சர்க்கரை, மெழுகுவத்தி.

என் சடையை அவர்தான் பின்னுவார். கயிறு முடிந்து பழகிய கை; பள்ளி விட்டு வந்தாலும் அவிழாது. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் அவருக்கு லீவு கிடைக்கிற நாளில். தெருவில் யார் வீட்டில் கேஸ் நாறினாலும் முதலில் எங்கள் கதவு. பனியனோடு ஓடுவார்.

அவரோடு வேலை பார்த்த பாஷா மாமா, அழுதுகொண்டே: "தோல் ஷெட்டு எரியுது. உங்கப்பன் உள்ள பூந்து ஒரு ஆட்டுக்குட்டிய தூக்கினு வர்றான். ஓனரு, 'என் பீரோ இன்னாச்சு'ன்றாரு. 'அது மூச்சு வுடுதா சார்? வுட்டா சொல்லுங்க, போறேன்'னான்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சாவு வீட்டில். எல்லோரும் முறைத்தார்கள்.

மே 12, புதன்

பெரியப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில் இடம் சொல்லிவிட்டாராம். வேண்டாம் என்றேன். அப்பா கேட்டது சுவரோரம், ஸ்டெல்லா பக்கத்தில்.

ஸ்டெல்லா ஷூ கம்பெனியில் தைத்தவள். போன வருடம் கிணற்றில் விழுந்து உயிரை விட்டாள். கயிறு கட்டி இறங்கி, தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தவர் அப்பா. தற்கொலை என்று சபை சுவரோரம்தான் இடம் கொடுத்தது. சபைப் போதகர் ஐயர் வரவில்லை. ஈர யூனிபார்மோடு அப்பாவே ஜெபம் சொன்னார். வீட்டுக்கு வந்து, "அந்தப் பொண்ணு தனியா கெடக்குதும்மா. நான் போனா என்னை அங்கயே வைங்க" என்றார்.

பெரியப்பா: "இன்னாம்மா பேஜார் பண்ற? அங்க வச்சா அவனும் கெணத்துல குதிச்சான்னு பேசுவானுங்க."

"பேசட்டும் பெரிப்பா."

"படிச்ச திமிரு!"

ஆமாம். இத்தனை புத்தகம் படித்து, இந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எதற்கு?

குடும்பம் ஒருமித்துச் சொல்லட்டும் என்று ஐயர் நழுவிவிட்டார். அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. அதுதான் பயம்.

மே 13, வியாழன்

தம்பி வந்தான். பெரியப்பா அவனைத் தனியே கூப்பிட்டார். அம்மா எழுந்தாள்.

"அவன இன்னா கேக்கறீங்க மாமா? நான் சொல்றேன். செவுத்தோரம்தான். பக்கத்துல எனக்கும் எடம் வுட்டு வெட்டச் சொல்லுங்க."

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஐயரிடம் சொல்லப் போனார்.

குழி வெட்டியது நிலையத்து ஆட்கள். கடப்பாரையோடு முதலில் பாஷா மாமா. ஐயர் வந்தார், குடையோடு. சுருக்கமான ஜெபம். ஸ்டெல்லாவின் அம்மா கனகாம்பரச் சரத்தை இரண்டாகக் கிள்ளி இருவருக்கும் வைத்தார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில், அடக்கத்துக்கு அடிக்கும் மணி அடிக்கவில்லை. கேட்டேன். "செவுத்தோரத்துக்கு அடிக்கிற வழக்கம் இல்லம்மா" என்றார் காவல்காரர்.

நானே போய்க் கயிற்றைப் பிடித்தேன். கனம். உடம்போடு தொங்கினால்தான் அசைகிறது. அடித்தேன். உள்ளங்கை தோலுரிய அடித்தேன். பெரியப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"போதும், வுடும்மா!"

"இது அப்பாவுக்கு, பெரிப்பா. ஸ்டெல்லாவுக்கு இன்னும் அடிக்கல."