ரயில் படத்தில் மனிதர் வரக்கூடாது

என் அன்பு மச்சான் யோகன்,

முதலில் உனக்குப் பிடிக்காத செய்தி. ஜப்பான் செட் ரயில் இன்னும் ஓடுகிறது. நேற்றுப் பின்னேரமும் பதினெட்டு நிமிடம் பிந்தி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, மூன்றாம் பெட்டியின் கதவு ஆடிக்கொண்டு வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குள் வந்து நின்றது. "இந்த வருசம் தாண்டாது, கடைசி ஓட்டத்தை ரெண்டு பேரும் நிண்டு படம் எடுக்கவேணும்" என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. அது தாண்டிவிட்டது. நீதான் தாண்டவில்லை. கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தவன் நான், இவ்வளவு மோசமாகப் பிழைத்துப்போன கணிப்பை எந்த வழக்கிலும் கண்டதில்லை.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் இடையிடையே எழுதுவேன், கோபிக்காதே. இதை வேறு ஆட்களும் வாசிக்கப்போகிறார்கள். நாம் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நான் கொட்டாஞ்சேனை, நீ வெள்ளவத்தை. என் தங்கச்சி வதனாவைக் கட்டியவன் நீ. வங்கியில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வு பெற்றவன். சண்டைக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் கமராவோடு தண்டவாளப் பக்கம் போயிருந்தால், எடுத்த படத்தை அவனும் பார்த்திருக்க மாட்டான், அவனை வீட்டுக்காரரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே நமக்கு இந்தப் பைத்தியம் நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் பிடித்தது. பிடித்த பிறகு விடவில்லை. பதினைந்து வருடம், சனிக்கிழமை தவறாமல், ஸ்டேஷன் மேடை முடிகிற இடத்தில் கடற்காற்றை வாங்கிக்கொண்டு நின்றோம்.

தனி எஞ்சின் இழுக்காமல் பெட்டிக்குள்ளேயே டீசல் எஞ்சினை வைத்து ஓடும் அந்தப் பழைய ஜப்பான் செட்டுகள் ஒவ்வொன்றாகத் தெமட்டகொடை யார்டில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தன. சிலதைக் கடல் உப்பு தின்றது. சிலதைக் கழற்றி மற்றதுக்குப் பூட்டினார்கள். எல்லாம் போய்ச் சேருவதற்குள் ஒழுங்காகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் நமது ஊழியம். அந்த செட்டுக்கும் உங்கள் கலியாணத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "அதுக்கெண்டாலும் நேரத்துக்கு ஒயில் மாத்துறாங்கள்" என்று வதனா சொல்வாள்.

சட்டம் போட்டவன் நீ. "நாங்கள் எடுக்கிறது ஆவணம், கலியாண அல்பமில்லை. படத்தில மனிசர் வரப்படாது." வந்தால் அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும். மீன்காரன் வந்தான், அழித்தோம். குடை பிடித்த காதல் சோடிகள் வந்தார்கள், அழித்தோம். ஆனால் அந்தச் சட்டத்தை மிக அதிகமாக மீறியவனும் நீதான். என் படங்களின் ஓரத்தில் ஒரு முழங்கை, இன்னொன்றில் ஒரு கை, மற்றொன்றில் அரைத் தொப்பை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறாயாக்கும் என்று நினைத்துக்கொண்டு, உன் கண் முன்னாலேயே திட்டித் திட்டி அழித்தேன். நீயும் "அழி, அழி" என்று சிரித்துக்கொண்டு நின்றாய். எத்தனை தரம் உன்னை அழித்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவன் எழும்பவில்லை. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

செத்தவீட்டு அலுவல்கள் முடிந்து ஒரு கிழமைக்குள் வதனா என்னிடம் ஒரே ஒரு வேலைதான் கேட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் இருக்கிறதே, முன் அட்டையில் படம், உள்ளே தேவாரமும் உன் வாழ்க்கை வரலாறும். அதன் அட்டைக்கு ஒரு படம்.

"அண்ணா, நல்ல படம் ஒண்டு வேணும். சிரிச்ச முகமா."

"அதை என்னட்ட விடு. பதினைஞ்சு வருசப் படம் கிடக்கு" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மூன்று நாள் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன் மச்சான். ரயில். ரயில். மழையில் ரயில். வெயிலில் ரயில். அதே ரயில், அடுத்த சனிக்கிழமை. நம் சட்டத்தை நாம் எவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது. அழிக்க மறந்த ஒரே ஒரு படத்தில் நீ இருந்தாய். வலப்பக்க ஓரத்தில், முழங்கையாக.

வேறு படமே இல்லையா என்று நீ கேட்பாய். அடையாள அட்டையில் நீ பிடியாணை பிறப்பிக்கப்பட்டவன் மாதிரி முறைக்கிறாய். கலியாணப் படத்தில் இருப்பது மீசை, அதற்குப் பின்னால் எங்கேயோ நீ. லண்டனிலிருந்து உன் மகள் அனுப்பிய வீடியோ கோல் படங்களில் உன் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகின்றன. மற்ற எல்லா விசேஷத்திலும் கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ.

முழங்கைப் படத்தைக் கொட்டாஞ்சேனையில் கல்வெட்டு அடிக்கிற முருகேசுவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என்ன யோசனையில் போனேன் என்று கேட்காதே. மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"ஐயா, முழங்கைய வச்சு எப்படிங்க ஐயா கல்வெட்டு அடிக்கிறது?"

வதனாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"இவ்வளவு ஆயிரம் படம் எடுத்தனீங்கள். ஒண்டில கூட என்ர மனுசன் இல்லையோ?"

"அது... எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது வதனா."

"சட்டமோ? அப்ப ஆருக்கு அந்தியேட்டி செய்யிறம், ரயிலுக்கோ? ரயிலின்ர படத்தைப் போட்டுக் கீழ இவற்ற பேரை எழுதுவமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். "அவற்ற முகம் எனக்கு மறந்துபோயிடும் அண்ணா" என்றாள். உன் முகத்தை அழித்தவனே நான்தானே.

அந்தச் சனிக்கிழமை கால் பழக்கத்தில் ஸ்டேஷனுக்குப் போனேன். கமராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. ஜப்பான் செட் வந்து நின்றதும் ட்ரைவர் ஜன்னலால் தலையை நீட்டினார், சுனில் என்று பெயராம். பதினைந்து வருடமாக நமக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறவர், அன்றுதான் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அனித் மாத்தயா கோ?" மற்ற ஐயா எங்கே என்று கேட்கிறார்.

சிங்களத்தில் சொன்னேன். "அனே" என்று இரங்கித் தொப்பியைக் கழற்றினார். கார்ட் பச்சைக் கொடி காட்டுகிறான், இவர் எடுக்கிறார் இல்லை. தனக்கு நாளைக்கு ஓய்வுதான், தெமட்டகொடை யார்டுக்கு வா, ஒன்று காட்ட வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் ரயில் நகர்ந்தது. அந்தப் பிந்தலுக்கு நீதான் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை யார்ட் கன்டீனில் பிளேன் டீயை முன்னால் வைத்துவிட்டு சுனில் தன் போனை நீட்டினார். படங்கள். நம் படங்கள், மச்சான்! நாம் ரயிலை எடுக்க, ரயிலுக்குள்ளிருந்து நம்மை எடுத்திருக்கிறார்கள். எடுத்தது உதவி ட்ரைவர்தான், தான் ஒருநாளும் கைப்பிடியை விடவில்லை என்று சுனில் மூன்று தரம் சொன்னார், என் புதுக்கடை உத்தியோகம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த லைனில் ஓடுகிற எல்லோருக்கும் நம்மைத் தெரியுமாம். நமக்குப் பெயர் 'ரேல் ஜோடுவ'. ரயில் சோடி. நல்லகாலம், நம்மில் எவர் பெண்சாதி என்று நான் கேட்கவில்லை.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். ஒவ்வொரு படத்திலும் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேடை விளிம்பில், இன்னும் அரையடி போனால் விழுந்துவிடுகிற மாதிரிக் குனிந்து நிற்கிறேன். நீ எனக்கு வலப்பக்கம், தோளை ஒட்டிச் சற்றுப் பின்னால். உன் கமரா கழுத்தில் தொங்குகிறது, மூடியும் கழற்றவில்லை. வலது கையை உயர்த்தி ட்ரைவருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருக்கிறாய், வாய் காது வரைக்கும் சிரிப்பு. வங்கியில் ஆட்களை நடுங்க வைத்தவன், ஆவணம் ஆவணம் என்று எனக்கு உபதேசம் செய்தவன்! இடது கையால் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாய். ஒரு படத்தில் இல்லை, எல்லாப் படத்திலும்.

ரயில் காற்றுத்தான் சட்டையை இழுக்கிறது என்று நான் பதினைந்து வருடம் நினைத்திருந்தேன். நீ ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? படமெடுக்கத்தான் வந்தாயா, இல்லை நான் விழாமல் பார்க்கவா? கன்டீனில் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்துவிட்டு சுனில் இன்னொரு டீ வாங்கித் தந்தார்.

சிரித்த முகம் கிடைத்துவிட்டது. முருகேசுவுக்கும் ஒரே சந்தோசம். "பக்கத்துல நிக்கிறவர வெட்டிடவாங்க ஐயா?" என்று கேட்டார். பக்கத்தில் நிற்கிறவன் நான் என்று கமரா பாதி மறைத்த முகத்தைப் பார்த்து அவருக்குத் தெரியவில்லை. நான் வெட்டச் சொன்னேன். வதனா விடவில்லை.

"அண்ணாவை வெட்டினா இவற்ற கையும் எல்லோ போகும். ரெண்டு பேரும் இருக்கட்டும்."

இருந்தோம். அதனால் வந்த வினை இது. அந்தியேட்டி மண்டபத்தில் கல்வெட்டைக் கையில் வாங்கியவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், வாசலில் நின்று கைகூப்பிய என்னைப் பார்த்தார்கள், திரும்ப அட்டையைப் பார்த்தார்கள். உன் பெரியம்மாவின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட முப்பத்தொண்டு எப்ப தம்பி?" என்று கேட்டார். கனடாவில் என் ஒன்றுவிட்ட அக்கா வட்ஸ்அப்பில் அட்டையைப் பார்த்துவிட்டு எனக்கே போன் எடுத்து, நான் செத்ததைச் சொல்லி அழுதா. உயிரோடிருக்கிறேன் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கழுத்தில் தொங்கவிடலாமா என்று யோசித்தேன்.

போன சனிக்கிழமை வதனாவும் ஸ்டேஷனுக்கு வந்தாள். அந்த ஸ்டேஷனிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும், நம் கூத்தைப் பார்க்க ஒருநாள் கூட வராதவள்.

"அவர் எங்க நிக்கிறவர்?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் போய் நின்றாள்.

ஜப்பான் செட் புகையோடு வந்தது. சுனில் ஹோர்ன் அடித்தார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். நம்பர் தெளிவாகத் தெரிகிற அந்த ஒரு நொடியில், பின்னால் சட்டையைப் பிடித்து ஒரே இழுவை. நெஞ்சுப் பொத்தான் தெறித்துத் தண்டவாளத்தில் விழுந்தது, நான் இரண்டடி பின்னால் வந்து விழுந்தேன், படத்தில் வானமும் அவளுடைய காப்புக் கையும்தான் விழுந்தன.

"பின்னால நில்லுங்கோ அண்ணா. என்னால இன்னொரு கல்வெட்டு அடிக்கேலாது."

பின்னால்தான் நிற்பேன் மச்சான், இது சத்தியம். அந்தக் கிழட்டு ரயிலின் கடைசி ஓட்டத்தன்றும் வதனாவும் நானும் இரண்டு பேருமாய் அங்கே நிற்போம், எவருடைய கை வந்து விழுந்தாலும் அந்தப் படத்தை நான் அழிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கிற உன் மச்சான்
தேவன், கொட்டாஞ்சேனை