பெல்ட் என் தலைமாட்டில்

1958, ஐப்பசி, வெள்ளி.

காலையில் நெல் மில்லில், கூலிக்கு வேலை செய்யும் பாப்பாத்தியின் சேலைத் தலைப்பை எஞ்சின் பெல்ட் இழுத்துவிட்டது. நான் எஞ்சினை நிறுத்துவதற்குள் வலது கை நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆயுத பூஜைக்குச் சக்கரத்தில் சந்தனம் பூச வேண்டுமென்று பெல்ட்டை மறைத்திருந்த கம்பி மூடியைக் கழற்றச் சொன்னவர் முதலாளி. அது திரும்பி வரவே இல்லை. அவர் வீட்டுக் கொல்லையில் அதைக் கவிழ்த்துக் கோழிகளை அடைக்கிறார்கள். கேட்டபோதெல்லாம் “பாப்போம்” என்றார்.

சாயங்காலம் மெஷினுக்குப் பூசணிக்காய் உடைத்தார்.

“திருஷ்டி கழிஞ்சிருச்சு. எஞ்சினை எடுங்க டிரைவரே, நெல்லு குமிஞ்சு கெடக்கு.”

தரையில் ரத்தம் கழுவிய ஈரம் காயவில்லை.

“மூடி வந்தாத்தாங்க ஓட்டுவேன்” என்றேன்.

“பொன்னமராவதியிலேருந்து வேற ஆளு வருவான்.”

“வரட்டுங்க.”

பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு, அவர் கண்ணெதிரே நடந்து வந்துவிட்டேன்.

மனைவி சோறு போட்டாள். பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள்.

பெல்ட் இப்போது என் தலைமாட்டில் கிடக்கிறது. முதலாளி திருட்டு என்று போலீசில் எழுதிக் கொடுப்பாராம். கொடுக்கட்டும். வருகிற போலீஸ்காரர் முதலில் அவர் கொல்லைக்குப் போய் அந்தக் கோழிகளைத் திறந்துவிடட்டும்.