ராஜி

ஜூலை 8, செவ்வாய்

இருபத்தேழாம் தேதி வாலிபர் ஞாயிறு. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் தமிழ் ஆராதனையைப் பிள்ளைகளே நடத்துவார்கள். பிரஜின் வேதம் வாசிக்கிறான், தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு. மலையாளப் பள்ளியில் படிக்கிறவர்கள், பாதிப் பேர் அப்படித்தான்.

இன்று ஏற்பாட்டுக் கூட்டம்; வாலிபர் பொறுப்பு என்னுடையது என்பதால் ஜெபம் யார் என்று நான்தான் கேட்டேன். அனுஷா கை தூக்கினாள். மார்ச்சில் அவள் அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு அவள் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை.

"மலையாளத்தில செய்யட்டாக்கா? இது எனக்குத் தமிழ்ல வராது."

"சரி" என்றேன். யாரையும் கேட்காமல்.

ஜூலை 10, வியாழன்

சபைச் செயலர் நேசமணி மாமா ஆரியசாலையில் இருக்கும் தன் பலசரக்குக் கடைக்கு வரச் சொன்னார். நடுவில் வந்தவர்களுக்கு மல்லி, வத்தல் விலை சொல்லிக்கொண்டே என்னைத் திட்டினார்.

"நம்ம ஆராதனையில மலையாளமா, சபீனா? நாளைக்கு மேலிடத்துல கேப்பான், உங்க பிள்ளைங்களே மலையாளத்துலதான ஜெபிக்குது, பின்ன எதுக்குத் தனித் தமிழ் ஆராதனைன்னு. மலையாள சபையோட சேத்துட்டா நாம எங்க போவோம், சொல்லு?"

முட்டாள்தனமான பயம் என்றால் எளிதாக இருந்திருக்கும். அவர் பயப்படுவது நடக்கக்கூடியதுதான்.

ஜூலை 14, திங்கள்

நூலகத்தில் வேலையே ஓடவில்லை. ஒருத்தி அழுவதற்கு எந்த மொழி என்று கமிட்டி முடிவு செய்யலாமா? ஆனால் அந்தக் கமிட்டி இல்லாவிட்டால் அவள் அழ ஒரு இடம் இருக்குமா? இரண்டு பக்கமும் சரியாகவே தோன்றுகிறது. எனக்கு வாய்த்த வியாதி இது.

ஜூலை 17, வியாழன்

கமிட்டி. ஒரே சத்தம். கடைசியில் நேசமணி மாமா சொன்னார்: "ராஜியா போவோம் பிள்ளே. அந்தப் பொண்ணு சனிக்கிழமை உங்க வாலிபர் கூட்டத்துல எந்த பாஷையில வேணும்னாலும் ஜெபிக்கட்டும். ஞாயிறு ஆராதனையில லிங்கராஜ் தமிழ்ல ஜெபிப்பான்."

லிங்கராஜ் அண்ணன் ஞாயிறு பள்ளி ஆசிரியர். நல்லவர். தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில், வழக்கம்போல ஆங்கில எழுத்தில், ஒரு வரி போட்டேன்: கமிட்டியில் பேசி ராஜி ஆயாச்சு, மீதி சனிக்கிழமை நேரில். முழுவதையும் எழுதத் துணிவில்லை.

ஜூலை 18, வெள்ளி

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. பிரஜின்கூட.

ஜூலை 19, சனி

கூட்ட அறையில் ஒருவரும் இல்லை. போன் அடித்தது. நேசமணி மாமா.

"உன் படை முழுசும் என் கடை வாசல்ல நிக்குது. ராஜி வேண்டாமாம். ராஜியை ஏத்துக்கப்பிடாதாம். பேசி முடிச்சதை நீயே பிள்ளைங்களை ஏவி விட்டு மறிக்கியா?"

ஆட்டோ பிடித்து ஓடினேன். என்னைக் கண்டதும் பிரஜின் கிட்டத்தட்ட அழுதான்: "எந்தினாக்கா, எதுக்கு ராஜி வச்சீங்க? நாங்க என்ன செய்தோம்?"

வச்சீங்க. அந்த ஒரு சொல்லில் புரிந்தது. மாமாவுக்கும் எனக்கும் ராஜி என்றால் சமரசம். மலையாளப் பள்ளியில் படித்து மலையாளச் செய்தி பார்க்கிற இவர்களுக்கு ராஜி என்றால் ராஜினாமா. நான் விலகிவிட்டதாக நினைத்து எனக்காகச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்!

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏலே, மந்திரி வைக்கிற ராஜியா! கொள்ளாம்டே!" பிள்ளைகளும் சிரித்தார்கள். எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அனுஷா மட்டும் பாட்டிலைத் திறக்கவில்லை. "பின்னே என்ன ராஜி, அக்கா?"

வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். சனிக்கிழமை நீ. ஞாயிறு லிங்கராஜ் அண்ணன்.

"எனக்குப் பதிலா நீங்களே சம்மதிச்சாச்சு, அல்லே?" பாட்டிலை மேசையில் வைத்தாள். "இதுக்கு நீங்க ராஜி வச்சிருந்தாலே நல்லாருந்திருக்கும்க்கா."

போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்கு அவள் வரவில்லை. அவள் அம்மா தனியாக வந்து தனியாகப் போனார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இல்லை, நான்தான் பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கடைக்குப் போனேன்.

"மாமா, நான் வைக்கிறேன்."

"எதை?"

"பிள்ளைங்க சொன்ன ராஜியை. ஞாயிறு அனுஷாவே ஜெபிக்கட்டும். மேலிடத்துல கேட்டா, கமிட்டியைக் கேக்காம சபீனா செய்த வேலை, அவளைப் பொறுப்புல இருந்து எடுத்தாச்சுன்னு சொல்லிருங்க."

கேட்காமல் 'சரி' சொன்னது நான்தானே. பொய் இல்லை.

வெகுநேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆறு வருஷம் பாத்த பொறுப்பு பிள்ளே. அப்புறம் திரும்பக் கேட்டா கிட்டாது, கேட்டியா?"

"கேக்க மாட்டேன்."

கேட்பேன் போலிருந்தது. சீக்கிரம் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

அனுஷாவுக்கு அழைத்து ஞாயிறு நீதான் என்றேன். "ம்" என்றாள். நான் விலகியதைச் சொல்லவில்லை. பிரஜின் சொல்லியிருப்பான்.

ஜூலை 27, ஞாயிறு

பின்வரிசையில் உட்கார்ந்தேன். அனுஷா கையில் தாள் இல்லை. கடவுளை அவள் போற்றவும் இல்லை. அன்றைக்கு அப்பா மேலே ஏறியது, கயிறு இல்லாதது, கீழே மணல் கூட இல்லாதது, எல்லாவற்றையும் மலையாளத்தில் வேகமாகச் சொல்லிவிட்டு, "நீ கண்டோ?" என்று அவரையே கேட்டாள். மறுபடியும், "கண்டோ?"

அவ்வளவுதான். ஆமென் என்று முடிக்கவில்லை. முன்வரிசையில் நேசமணி மாமா முழங்காலிலேயே இருந்தார். அடுத்த பாட்டு தொடங்கியும் எழவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

கூட்டம் தொடங்கும் நேரம். வீட்டில் ஒரு நாவலைப் பிரித்து ஒரே பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். அனுஷா. உள்ளே வரவில்லை.

"லிங்கராஜ் அண்ணன் கூட்டம் தொடங்கியிருப்பாரே?" என்றேன்.

"தொடங்கட்டு." காலால் மிதியடியை நேராக்கினாள். "அப்பாவுக்குக் கல்லறையில கல்லு வச்சாச்சு. தமிழ்ல. பேரு மனசிலாச்சு. அடியில ஒரு வரி இருக்கு, எனக்கு வாசிக்கத் தெரியல்ல. அம்மாகிட்ட கேட்டா கரைஞ்சு அழுவாங்க."

"போட்டோ எடுத்தியா?"

"இல்ல. நீங்க வாங்க."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.