படகுத்துறையில் யாரும் இல்லை

குற்றாலம்,
ஆனி கடைசி, புதன்கிழமை.

அன்புள்ள ஸ்வாதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சியாக இருக்கிறது. அங்கே நீயும் சுகமாக இருப்பாய், அந்தக் காற்றும் உன்னைத் தூக்கிக்கொண்டு போகாமல் விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகத்தைப் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் எரிந்து விழுவேன், நடுவில் அப்பா வந்து சாப்பிட்டியாம்மா என்று கேட்டு எல்லாவற்றையும் முடித்துவைத்துவிடுவார். அதனால்தான் மிளகாய் வற்றலும் நார்த்தங்காயும் வருகிற பார்சலில் இதையும் வைக்கிறேன். உன் தீவிலிருந்து நான் கப்பல் ஏறும்போது, "அம்மா, நான் இங்கனயே இருந்துக்கிடட்டுமா" என்று கேட்டாய். நர்ஸ் வேலையை நிரந்தரம் ஆக்கித் தருகிறார்கள், ஆகஸ்டுக்குள் சொல்ல வேண்டும், நீ சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாய். நான் வாயைத் திறக்காமல் ஏறிவிட்டேன். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் என் போக்கில்தான் வருவேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

சீசன் நன்றாக இருக்கிறது. சாரல் விட்டு விட்டு விழுகிறது, ஐந்தருவியில் நல்ல தண்ணீர், சனி ஞாயிறு நம் லாட்ஜில் அறை கிடையாது. நான் உன்னிடம் வந்திருந்த மே மாதத்தில் அப்பா லாட்ஜைப் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்லி மாளாது. போலீஸில் இருந்த பழக்கத்தில், வந்தவர்களையெல்லாம் எந்த ஊர், எதற்கு வந்தீர்கள், கூட வந்திருப்பவர் யார் என்று விசாரித்ததில் சில குடும்பங்கள் பெட்டியைக்கூட இறக்காமல் அடுத்த லாட்ஜுக்குப் போய்விட்டன. நம் எண்ணெய் தேய்க்கிற சொரிமுத்து என்னிடம் வந்து, "அக்கா, அண்ணாச்சி ரூம் குடுக்காவளா, ஜாமீன் குடுக்காவளா" என்று கேட்டான். இப்போது அவரை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறேன்.

சாயந்திரமானால் சொரிமுத்துவும் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து தீவுக் கதை சொல்லச் சொல்கிறார்கள். அச்சன்புதூரில் ஒரு தெருவில் இருக்கிற ஆள்கூட இல்லாத ஊர், சுற்றிலும் கடல், மரம் என்று ஒன்று கிடையாது என்று தொடங்குவேன். தபால் கொண்டுவந்தவர் ஒருவர், கப்பலுக்குக் கயிறு பிடித்தவர் ஒருவர், தேவாலயத்தில் முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுத்தவர் ஒருவர், மூன்று பேரும் ஒரே சாயலாக இருக்கிறார்களே, அண்ணன் தம்பிகள் போல என்று நினைத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்தேனே, கடைசியில் எல்லாம் ஒரே இயன், சட்டைதான் வேறு. அதைச் சொன்னால் இங்கே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சுற்றிப்பார்க்க வந்தவர்களிடம் கடற்கரைப் பாறைக்கு வெள்ளிக்கிழமை ஒரு கதையும் சனிக்கிழமை ஒரு கதையும் சொன்ன அந்தத் தாத்தாவைப் பற்றியும் சொன்னேன். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. சொரிமுத்துவின் எண்ணெயில் விழுகிற மூலிகையும் ஆளுக்குத் தகுந்தபடி கூடும், குறையும். காலமெல்லாம் வெளியூர்க்காரர்களை வைத்துப் பிழைத்தவள் நான், எங்கே வேஷம், எங்கே நிஜம் என்று எனக்குக் கண் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாமிக்கு விட்ட நாள், அங்கே துணி காயப்போட மாட்டார்களாம், எனக்கு யார் சொன்னார்கள், நான் பாட்டுக்கு ரெண்டு சேலையைக் கொடியில் விரித்துவிட்டேன். உன் பக்கத்து வீட்டு மோராக் அம்மாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வானம் பளிச்சென்று இருக்கும்போது மழை வருகிறது, மழை வருகிறது என்று ஓடிவந்து, தானே எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அது நிஜம்.

ஆனால் உனக்கு ஒன்று தெரியாது. நான் ஊர் பார்க்க வரவில்லை, உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான் வந்தேன். பெரிய பெட்டிக்குள் இன்னொரு காலிப் பெட்டியை வைத்துக் கொண்டுவந்தேனே, அது உன் துணிமணிக்கு. தென்காசியில் புதிதாகத் திறந்திருக்கிற ஆஸ்பத்திரியில் உனக்காகச் சொல்லியும் வைத்திருந்தேன். எப்போது பேச்சை எடுக்கலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கப்பல் விஷயம் நடந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்து கொஞ்ச நாள் தங்கிய அந்தப் புருஷன் பெண்சாதி திரும்பிப் போன அன்றைக்கு ஊரே துறையில் நின்றது. ஒருவர் ஆர்மோனியம் மாதிரிப் பெட்டியை நெஞ்சில் மாட்டிக்கொண்டு வாசித்தார், கப்பல் புள்ளியாகிற வரைக்கும் அத்தனை பேரும் கை காட்டினார்கள். மறுநாள் நீ பயிற்சிக்கென்று அக்கரைக்குப் போனாய், நானும் கூட வந்தேன். துறையில் ஒருவரும் இல்லை. இயன் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நம் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். தென்காசி ஸ்டேஷனில் உன்னைப் பொதிகை வண்டியில் ஏற்றிவிட நாம் எப்படிப் போவோம், ஆட்டோ கொள்ளாத ஆள், அப்பா அட்டென்ஷனில் நிற்பார், கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் நான் கையை இறக்க மாட்டேன். ரெண்டு வருஷமாக இந்த ஊரின் புண்ணைக் கழுவி, ராத்திரியெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற பிள்ளைக்கு ஒருவர் வந்து எட்டிப்பார்க்கவில்லை. நான் கேட்டதற்கு நீ, "யாரும் வரமாட்டாவம்மா, நீ பேசாம உக்காரு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ அவமானத்தை மறைக்கிறாய் என்றே நினைத்தேன். இதுகளை நம்பி இவளை விட்டுவைக்கக் கூடாது என்று அந்தக் கப்பலிலேயே முடிவு கட்டிவிட்டேன். அதன் பிறகு மோராக் கொடுத்தனுப்பிய ரொட்டியை நான் தொடாமல் திருப்பி அனுப்பியதன் காரணம் வயிற்றுக் கோளாறு இல்லை, இதுதான்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள், சொல்லிக்கொண்டு வர மோராக் வீட்டுக்குப் போனோமே, அன்றைக்குத்தான் அவள் மகன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான். நடுக்கடலில் வேலை, மாதக்கணக்கில் வரமாட்டான் என்றாய். பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து அவன் போய்விட்டான். அவள் வாசலுக்குக்கூட வரவில்லை, மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கப்பல் சங்கு ஊதியபோது மாவுக்குள் அவள் கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி பிசைந்தாள். ஏட்டி, பெத்தவ இப்படி இருப்பாளா என்று உன்னிடம் முணுமுணுத்தேன். நீ அதை அவளிடம் கேட்டுவிட்டாய். அவள் மாவைப் பார்த்துக்கொண்டே சொன்ன பதிலை நீ சாதாரணமாகச் சொன்னாய், "கை காட்டுததெல்லாம் விருந்தாளிக்குத்தானாம், வீட்டு ஆளுக்கு எதுக்குங்காவ." என் கணக்கெல்லாம் தலைகீழாகிவிட்டது. உனக்குக் கை காட்ட ஆள் வராததை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எனக்கு ஊரே வந்தது. அந்தப் பெட்டியும் வந்தது, வாசித்தார்கள். இயன் கயிற்றைப் போட்டுவிட்டு ரெண்டு கையையும் காட்டினார், மோராக் அடுப்படித் துண்டை வீசிக்கொண்டு நின்றாள். அவர்கள் நடுவில் நீ நின்றாய். சட்டைப் பையில் ரெண்டு கையையும் விட்டுக்கொண்டு, காற்றில் தலை கலைந்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். கடைசி வரைக்கும் நீ மட்டும் கை காட்டவில்லை. நான் கப்பலில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பை ஒன்றை நீட்டினாள், வாங்கி வைத்துக்கொண்டேன். காலிப் பெட்டியில் உன் துணிக்குப் பதில் மோராக் பின்னிய கம்பளிச் சட்டைதான் வந்தது. சாரலுக்கு அப்பா அதைப் போட்டுக்கொண்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் காவல் காக்கிறார்.

ஆகவே கையெழுத்தைப் போடு. எனக்கு மனசில்லை, மனசில்லாமல்தான் சொல்கிறேன். நீ தென்காசியில் இருந்து, ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர் உன்னை விருந்தாளியாக வைத்திருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், வீட்டு ஆளை எப்படிக் கிளப்புவது? ஆஸ்பத்திரியில் நானே சொல்லிக்கொள்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், "அவ சொல்லுததுதான் சரி" என்றார். எவள் என்று நான் கேட்கவில்லை.

ஈரச் சாக்ஸோடு நிற்காதே, தலைக்கு எண்ணெய் வை. நார்த்தங்காயில் பாதியை மோராக்குக்குக் கொடு, ரொட்டியைத் திருப்பியதற்கு. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடாதே. குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மனும் உனக்கு என்றும் துணை இருக்கட்டும்.

தை மாதம் நீ வருவாய், வந்தால் திரும்பியும் போவாய். இந்தத் தடவை ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன், அப்பாவையும் விடமாட்டேன். கோபம் என்று நினைத்துவிடாதே. நீ பாட்டுக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு. நான் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆனந்தவள்ளி