உச்சித்தளத்து மேடு

சொல்கே கிராமம்,
ஆகஸ்ட் 27

அன்பு மகன் கியுனுக்கு,

மூன்று அமர்வுகள், ஒரு வெளிநடப்பு, ஒரு மன்னிப்புக் கடிதம் ஆகியவற்றுக்குப் பிறகு, நம் ஊர்க் கோட்டைப் பாதுகாப்புக் குழு உச்சித்தளத்து அறிவிப்புப் பலகையை நான்கு அடி வலப்பக்கம் நகர்த்துவதென ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. இடப்பக்கம்தான் சரி என்று வாதாடிய மீனவர் தரப்பு, வாக்கெடுப்பு நேரத்தில் நெத்திலி அவிக்கப் போயிருந்தது. தீர்மானத்தில் நானும் கையெழுத்திட்டேன்.

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை. நீ ஜப்பானுக்குப் போய், அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடமும் நீ வீட்டுக்கு வரவில்லை; வரச்சொல்லி நானும் கேட்கவில்லை. குழந்தையின் படம் அம்மாவின் கைபேசிக்கு வருகிறது. நான் அதைப் பார்த்ததில்லை என்பது இந்த வீட்டின் அதிகாரபூர்வ நிலை.

விஷயத்துக்கு வருகிறேன். கோட்டைக்குள் ஒரு கம்பம் நடுவதானாலும் அகழாய்வுக்காரர்கள் முதலில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் தேர்ந்தெடுத்த வலப்பக்கம், உன் கொள்ளுத் தாத்தாவின் கல்லறை மேட்டை ஒட்டி இருந்தது. பியோ என்ற இளம் அதிகாரி கயிறு கட்டி அளந்துவிட்டு, மேட்டின் ஓரத்தையும் பார்க்க வேண்டும் என்றார். நான் சம்மதித்தேன். மரியாதையாகத் தோண்டச் சொன்னேன்.

அன்று காலை ஜப்பானின் குமமோட்டோவிலிருந்து சுற்றுலாவாகப் பத்தொன்பது பேர் பேருந்தில் வந்திருந்தார்கள். வழக்கம்போல் கீழ்வாசலில் தொடங்கினேன். சாய்ந்து ஏறும் மதிலைக் காட்டினேன். நானூறு வருடங்களுக்கு முன் நம் நாட்டின்மேல் படையெடுத்து வந்த அவர்கள் ஊர்ப் படைத்தலைவன் கட்டச் சொன்னதையும், கடற்கரையிலிருந்து கல் சுமந்தவர்கள் நம் ஆட்கள் என்பதையும், சுமக்க முடியாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். அந்த இடத்தில் அவர்கள் எப்போதும் தலை குனிவார்கள். அவர்கள் குனிந்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வளைவுக்கு அழைத்துப் போவேன். பதினோரு வருட வழிகாட்டிப் பழக்கம்.

உச்சித்தளத்தில் நான் எப்போதும் சொல்லும் முத்தாய்ப்பு உனக்கு மனப்பாடம். "உங்கள் கோபுரம் நின்ற இடத்தில் இப்போது என் தாத்தா படுத்திருக்கிறார். அவரை எழுப்ப எந்தத் தளபதியாலும் முடியாது." மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கவும் பியோ குழியிலிருந்து எழுந்து நின்றார். முழங்கால்வரை மண்.

"ஐயா, இங்க யாரும் இல்லீங்க."

ஒரு சாண் மண்ணுக்குக் கீழே முழுக்கக் கூரை ஓடு. கோபுரத்தை இடித்தபோது சரிந்து குவிந்தது. அதன்மேல் புல் முளைத்து, பார்வைக்கு அசல் கல்லறையாகிவிட்டது. ஐம்பத்தொன்பதாம் ஆண்டுப் புயல் நம் அடையாளக் கல்லை அடித்துப் போன பிறகு, உன் தாத்தா வந்து கண்ணில் பட்ட வட்ட மேட்டைக் காட்டி, "இதுதான்" என்றார். அவர் சொன்னால் நம் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. அறுபது வருடமாக, இலையுதிர்ப் பண்டிகைக்கு முன் அங்கே புல் வெட்டி, காய்ந்த மீன் வைத்து, மது ஊற்றி விழுந்து வணங்கி வருகிறோம்.

ஊர்த்தலைவர் மா பொங்சு உடனே வந்துவிட்டார். "அண்ணே, ஜப்பான்காரன் கூரைக்கா இவ்வளவு நாளா கும்பிடு போட்டீங்க? அதான் உங்களுக்கு ஒரு வரமும் கிடைக்கல" என்றார். பியோ ஒரு ஓட்டுத் துண்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அதில் நம் பக்கத்துச் சூளையின் கோடுகள் இருந்தன. "கட்டடம் அவங்களோடது. ஓடு நம்மளோடதுங்க ஐயா. பிடிச்சுட்டுப் போனவங்களை வெச்சு சுட்டிருப்பாங்க" என்றார். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். வந்தவர்களில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, காலிக் குழியைப் பார்த்து நெடுநேரம் குனிந்து நின்றார். அவர் நிமிர்ந்ததும் எல்லோரையும் கீழே அழைத்து வந்தேன்.

நீ கல்யாணத்துக்கு அனுமதி கேட்ட நாளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. உன்னை அந்த மேட்டுக்குக் கூட்டிப்போய் மது ஊற்றினேன். அது உள்ளே இறங்காமல் வழிந்து உன் காலணிவரை வந்தது. "கொள்ளுத் தாத்தா குடிக்க மாட்டேன்கிறார், அவருக்குச் சம்மதமில்லை" என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். ஓட்டின்மேல் ஊற்றினால் வழியத்தான் செய்யும். அதற்கு முந்தைய வருடங்களில் ஊறியதா, வழிந்ததா என்று நான் கவனித்ததே இல்லை. அந்த ஒரு வருடம்தான் குனிந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்பதற்குத் தாத்தாவைக் காரணம் சொல்ல இனி வழியில்லை.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் கிம்ச்சி ஊறுகாய்க்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "எம் புள்ளைய நாலு வருஷம் வீட்டுக்கு வெளிய நிக்க வெச்சது ஒரு கூரையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவள் அடுத்த பூண்டை எடுத்தாள்.

கொள்ளுத் தாத்தா உண்மையில் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கிழக்குச் சரிவாக இருக்கலாம் என்கிறார்கள்; அங்கே இப்போது பைன் மரங்கள் அடர்ந்துவிட்டன. இந்த வருடம் வெட்டப் புல்லும் இல்லை, வணங்க மேடும் இல்லை. சடங்கை வீட்டுக் கூடத்தில்தான் செய்தாக வேண்டும். தனியாகச் செய்ய என்னால் முடியாது என்றில்லை. கிண்ணத்தை ஏந்திப் பிடிக்க இன்னொருவர் இருந்தால் சுலபம். உன் மனைவி சிஹாருவுக்கு முறை தெரியாவிட்டால் பரவாயில்லை. அறுபது வருடம் கூரை ஓட்டைக் கும்பிட்டவன் யாருடைய முறையையும் திருத்த மாட்டான். குழந்தைக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பூசான் துறைமுகத்துக்கு ஜப்பான் கப்பல் மதியம் வருகிறது என்று கேள்வி. இதைத் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழி நெடுக உங்களுக்கு அலை அடங்கியிருக்கட்டும்.

உன் அப்பா,
தோ க்யொங்சிக்

பின்குறிப்பு: பண்டிகையின் மூன்று நாட்களும் கோட்டைக்கு வழிகாட்டி கிடையாது என்று கீழ்வாசலில் இன்று காலை அறிவிப்பு ஒட்டப்பட்டது.