அங்காராவுக்கு ஒரு ஜாஹா

ஸல்த்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய என் கணவர் அபூ குதைபா அவர்களுக்கு,

உங்கள் மேல் அமைதியும் இறைவனின் அருளும் இறங்கட்டும். நானும் நம் மகள் ஹனாதியும் நலம். ஜித்தாவின் வெக்கையில் உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? இதற்கு மேல் படிப்பதற்கு முன்னால் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீங்கள் கத்த ஆரம்பிப்பீர்கள், மூன்றாவதில் வைத்துவிடுவீர்கள். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. ஓய்வுபெற்ற நீதிபதி அபூ ராகானின் மருமகன் நாளைக் காலை விமானத்தில் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அண்ணன் அபூ ஸைதான் சனிக்கிழமை உம்ரா பஸ்ஸில் புறப்படுகிறார். மக்காவில் கடமையை முடித்துக்கொண்டு நேரே உங்கள் அறைக்குத்தான் வருவார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் என் பக்கத்தைக் கேட்டாக வேண்டும். முந்திக்கொண்டவள் சொல்வதுதான் நியாயமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாதா?

முதலில் படிப்பு விஷயம். ஹனாதி படிப்பது சர்வதேச உறவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டத்துக்கு என்னென்ன முடிக்க வேண்டும் என்பது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இரண்டு நாடுகள் அடித்துக்கொள்ளாமல் எப்படிப் பேசுவது என்பதுதானே படிப்பு, உங்கள் அண்ணியும் நானும் மேல் மாடி, கீழ் மாடி என்று இத்தனை காலம் குடியிருக்கிறோமே, அந்தப் பட்டத்தை எனக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். சட்டம், பொருளாதாரம், பழைய உடன்படிக்கைகளின் வரலாறு எல்லாம் முடித்தாயிற்று. மூன்றாவது மொழி ஒன்று வேண்டும். துருக்கி மொழி எடுத்து அதையும் முடித்துவிட்டாள். அந்த மொழி பேசும் ஊரில் ஒரு பருவம் தங்கிப் படிக்க வேண்டும், அதுதான் பாக்கி. அது இல்லாமல் பட்டம் இல்லை. அங்காராவில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வியாழனுக்குள் பெயர் கொடுக்காவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். அப்புறம் துறையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இதுவரை படித்ததில் பாதி வீண்.

இதைச் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஊர் என்ன சொல்லும்"னு ஆரம்பித்து, "அண்ணன் சரின்னா எனக்கும் சரி"யில் முடித்தீர்கள். அவர் ஒருநாளும் சரி சொல்லமாட்டார் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. நன்றாக ஒளிந்துகொண்டீர்கள். அவர் பெரிய உடம்புக்குப் பின்னால் யாரும் ஒளியலாம்தான், என்னளவு பருமன் இருப்பவளைத் தவிர. நம் மகன் குதைபாவைப் பல் டாக்டருக்குப் படிக்க ருமேனியாவுக்கு அனுப்பினோமே, அப்போது யாரைக் கேட்டோம்? மீசை முளைக்காத பையன். விமான நிலையத்தில் உங்கள் அண்ணன் அவனுக்கு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டார்.

ஹனாதி தன் பெரியப்பாவிடம் நேரே போய்க் கேட்டாள். அவர் தேநீர் டம்ளரை வைத்துவிட்டு, "துருக்கிக்கா? அந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஒரே பொண்டாட்டியோட இருக்கத் தெரியாது. உன் பெரியம்மா பார்க்கிற தொடர்ல நான் பார்க்கிறேனே" என்றாராம். அந்தத் தொடரை நானும் பார்க்கிறேன் என்பதால் அது பொய் என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை.

அப்போதுதான் எனக்கு ஜாஹா தோன்றியது.

சிரிக்காதீர்கள். பெண் கேட்கவும் சண்டை தீர்க்கவும்தான் பெரியவர்கள் கூடி ஜாஹாவாகப் போவார்கள். படிப்புக்கு யார் போனார்கள் என்பீர்கள். போகக்கூடாது என்று யார் சொன்னார்கள்? நீதிபதி அபூ ராகானிடம் மட்டும் முழு விஷயத்தையும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "கேட்கிறது நியாயமான விஷயம்தான்மா. வர்றேன். ஆனா நான் பொய் சொல்லமாட்டேன்" என்றார். உங்களைச் சொல்ல வைக்கமாட்டேன் என்றேன். ஹனாதியின் துறைத் தலைவர் டாக்டர் முன்தஸிரையும் இமாமையும் அவரே அழைத்துக்கொண்டார்.

நானும் பொய் சொல்லவில்லை. உங்கள் அண்ணி உம்மு ஸைதானிடம், "வெள்ளிக்கிழமை ஹனாதி விஷயமா உங்க வீட்டுக்கு ஜாஹா வருது, நீதிபதி தலைமையில" என்றேன். அவ்வளவுதான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? நீதிபதியின் தம்பி மகன், இதய டாக்டர், இன்னும் கல்யாணமாகாமல் இருக்கிறான் என்பது ஸல்த்தில் பூனைக்குக்கூடத் தெரியும். மீதிச் சட்டையை அவளே தைத்துக்கொண்டாள். உங்கள் அண்ணன் வரவேற்பறைக்குப் புதுத் திரை போட்டார். தட்டுத் தட்டாகக் குனாஃபா இனிப்புக்குச் சொல்லிவைத்தார். தெருவில் பாதிப் பேரை, "வந்து பெருமையப் பாருங்க"ன்னு அவரே போய் அழைத்தார். சாட்சிகளை நான் தேட வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் பெண்கள் பக்கத்து அறையில் இருந்தோம். என் உடம்பு கதவு இடுக்குக்கு ஏற்றதல்ல என்றாலும் ஒரு கண்ணுக்கு இடம் கிடைத்தது. நீதிபதி முன்னால் காபியை வைத்தார்கள். அவர் தொடவில்லை. கேட்டது கிடைக்கும்வரை யார் தொடுவார்கள்? என்னைப் பெண் கேட்டு வந்தபோது உங்கள் தாய்மாமா முன்னால் இருந்த கோப்பையில் ஈ விழும்வரை என் அப்பா பிடிவாதம் பிடித்தது உங்களுக்கு மறந்திருக்காது. நீதிபதி தொண்டையைச் செருமி, "அபூ ஸைதான், உங்ககிட்ட எங்களுக்கு ஒரு தேவை இருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் பேச உங்கள் அண்ணன் விடவில்லை. கேட்பதற்கு முன்பே கொடுப்பவன் பெரிய மனிதன் என்று தெருவே பார்க்கட்டும் என்று மார்பில் கை வைத்தார். "காபியக் குடிங்க. நீங்க எதுக்காக வந்தீங்களோ அது கொடுத்தாச்சு. என் வாய் கொடுத்தது, என் தம்பி வாயும் கொடுத்தது."

எல்லாரும் குடித்தார்கள். உங்கள் அண்ணி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். நீதிபதி கோப்பையை வைத்துவிட்டு, "அல்லாஹ் உங்க வீட்டை நிறைக்கட்டும். ஹனாதி ஒரு பருவம் அங்காராவில தங்கிப் படிச்சுட்டு வர சம்மதம் கொடுத்தீங்களே, அவ ஆசிரியர் சார்பாவும் நன்றி" என்றார். குலவை பாதியில் நின்று இருமலாக மாறியது. அவள் முதுகில் நான்தான் தட்டினேன்.

சிரிப்பு அவ்வளவுதான். உங்கள் அண்ணன் ஆண்கள் முன்னால் முகம் மாறாமல் இருந்தார். தன் கையாலேயே குனாஃபா பரிமாறினார். அவர்கள் போனதும் மாடிப்படியில் இறங்கி வந்து, பாதிப் படியில் நின்று சொன்னார்: "உன் புருஷன் ஊர்ல இல்லாத குறை தெரியக்கூடாதுன்னு நான் இருந்தேன், உம்மு குதைபா. என்னையே சந்தையில வச்சு வித்துட்ட."

மறுநாள் குழாயில் தண்ணீர் விடும் நாள். மொட்டை மாடி வால்வு அவர் கையில்தானே? நம் தொட்டிக்குத் திறக்கவில்லை. மூன்று நாள் குடத்தில் கடன் வாங்கிச் சமைத்தேன். ஹனாதி இதற்குப் பொருளாதாரத் தடை என்று பெயர் சொன்னாள். ஆனால் சிரிக்காமல் சொன்னாள்.

அவள் என்னோடும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கும் நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. பெண் கேட்டு வருகிறார்கள் என்று நினைத்து அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அவள் அறையைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்; எனக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து வாயைத் திறந்தாள். "ஏமாத்தி வாங்கின ஒப்பந்தம் நிக்காதும்மா. ஏமாந்தவன்தான் முதல்ல கிழிப்பான். எங்களுக்கு முதல் வருஷமே இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. பெரியப்பா இப்ப பாபாகிட்ட போய், நீயே முடியாதுன்னு சொல்லிடு, என் வார்த்தை தப்பிச்சுடும்னு கேட்பார். நீ எனக்கு உதவி பண்ணல, கதவைச் சாத்திட்ட" என்றாள். நாம் கட்டிய படிப்புக் கட்டணம் வீண் போகவில்லை, பார்த்தீர்களா. என்னைத் திட்டுவதற்காவது உதவியது.

ஞாயிற்றுக்கிழமை தனியாக மேலே ஏறிப் போனாள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. உங்கள் அண்ணி சொல்லித்தான் நடந்தது தெரியும். (ஆமாம், அவள் என்னோடு பேசுகிறாள். சொல்லவேண்டிய செய்தியை மனதில் வைத்திருக்க அவளால் முடியாது. அதில் நாங்கள் அக்கா தங்கை.) ஹனாதி அவர் முன்னால் நின்று, "பெரியப்பா, எதுக்குன்னு தெரியாம நீங்க சொன்ன சொல்லு அது. நான் அதைப் பிடிச்சுத் தொங்கமாட்டேன். இன்னிக்கே நீதிபதி வீட்டுக்குப் போய் நீங்க விடுபட்டாச்சுன்னு சொல்லிடுறேன்" என்றாளாம். அவர், "அபூ ஸைதான் கொடுத்த வார்த்தையத் திருப்பிக் கொடுக்க நீ யாருடி? கீழ போ. உன் அப்பன்கிட்ட நானே நேர்ல பேசிக்கிறேன்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

என்ன பேசப் போகிறார்? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. தன் சொல் நிற்க வேண்டும் என்று கேட்க வருகிறாரா, தன்னை விடுவிக்கச் சொல்ல வருகிறாரா? உங்கள் அண்ணிக்கே தெரியவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். நேற்று மாலை நம் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன், மாடியில் ஒருவரும் இல்லை. அவர் திறந்தாரோ, அப்பாவுக்குத் தெரியாமல் அவர் மகன் ஸைதான் திறந்தானோ.

அதனால் கேட்கிறேன். அவர் வருவதற்கு முன்னால் நீங்கள் ஹனாதியைப் போனில் கூப்பிடுங்கள். என்னை வேண்டாம், அவளை. பெரியப்பா வார்த்தையும் வேண்டாம், அம்மா சூழ்ச்சியும் வேண்டாம், பாபா தன் வாயால் சொன்னால் போகிறேன், இல்லையென்றால் பெயர் கொடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். இல்லை என்றாலும் அதையும் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சரி சொல்லிவிட்டால், அண்ணன் வந்ததும் உங்கள் அறை நண்பர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, உங்கள் வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் தலை நிமிர்ந்து ஊர் திரும்ப வேண்டும். அவர் இல்லாமல் இந்த வீட்டை என்னால் நடத்தியிருக்க முடியாது.

ஊர் என்ன சொல்லும் என்பது உங்கள் காரணம் இல்லை. அது எனக்குத் தெரியும். போன பெருநாளுக்கு வந்தபோது, அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, "போனவ திரும்பி வருவாளா?" என்று கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். நீங்களும் இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் போனீர்கள். ஹனாதி அப்போது இரண்டாம் வகுப்பு.

துறையின் விதிகளில் இன்னொன்று இருக்கிறதாம். டாக்டர் முன்தஸிர் சொன்னார். வெளியூர் போன மாணவி தன் கடைசி ஆய்வுக் கட்டுரையை இங்கே திரும்பி வந்து, ஆசிரியர்கள் முன்னால் வாசித்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். திரும்பாதவளுக்குப் பட்டம் கிடையாது. நல்ல விதி. உங்களை அனுப்பிய அன்று அப்படி ஒன்றைப் போட்டு அனுப்ப எனக்குத் தெரியவில்லை.

அல்லாஹ் உங்களுக்கு ஆரோக்கியத்தைக் கொடுக்கட்டும். போனவர்கள் எல்லாரையும் அவரவர் வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
உம்மு குதைபா.