எடின்பரோவில் ஒரு வருஷப் படையல்

என் உயிரான மாமா,

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற உங்கள் மல்லிகா, ஸ்காட்லாந்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். ஆம்பூரைத் தாண்டினால் அரக்கோணம் வரைக்கும்தான் எனக்கு வழி தெரியும் என்று கேலி செய்வீர்களே, இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்.

எல்லாம் நம் மகள் செல்வி செய்த வேலை. லண்டனில் தன்னோடு கொஞ்ச நாள் இருக்கச் சொல்லிக் கூப்பிட்டவள், கிடைத்த மூன்று நாள் லீவில் இந்த எடின்பரோவுக்கு இழுத்து வந்துவிட்டாள். "ஓட்டல் சோறு உனுக்கு எறங்காதும்மா. அடுப்போட வீடு எடுத்துக்குறேன். இந்த ஊரு சாமானையே வாங்கி நாமளே ஆக்கி சாப்புடலாம்" என்றாள். அவள் லீவு விழுந்தது உங்கள் முதல் வருஷப் படையல் நாளில்.

உங்கள் அண்ணன் போனில் குதித்தார். "படையல் போட வேண்டிய நேரத்துல ஊர் சுத்தப் போறியாம்மா?" என்றார். "எங்க இருந்தாலும் என் புருஷனுக்கு நான் படைப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சொன்னேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். காக்கா இருக்குமா, வாழை இலை கிடைக்குமா, என்னத்தைப் படைப்பது?

உங்களுக்குப் பிடித்தது குடல் கறி. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைத்தான் கேட்பீர்கள். டாக்டர் கறியே கூடாது, ஓட்ஸ் கஞ்சி கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் கஞ்சியை நீட்டுவேன். "இன்னாடி இது, ஷூவுக்குத் தடவுற பசையாட்டம் இருக்குது?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். நான் அசைந்து கொடுக்கவில்லை. இப்போது நீங்கள் எழுந்து வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நீங்கள் இருக்க வேண்டும் என்றுதானே அத்தனை பிடிவாதம்?

ஆனாலும் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் உங்கள் அண்ணன் இலை நிறையக் குடல் கறி வைத்தார். உயிரோடு கேட்ட மனுஷனுக்கு இல்லாதது, போட்டோவுக்கு எதற்கு? அன்றைக்கு எழுந்து போனவள்தான், அதன் பிறகு நான் கறியே தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். செல்விக்கு அது தெரியும். என்னை இங்கே கூட்டி வந்ததே அதற்குத்தானோ என்னவோ.

வந்த அன்றைக்கே ஒரு சோதனை. விருந்தாளிக்கென்று வீட்டுக்காரம்மா வெண்ணெய், பிஸ்கட் எல்லாம் வைத்திருந்தாள். கூடவே ஒரு ஓட்ஸ் பாக்கெட். அதை எடுத்து அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலையில் கறிக்கடைக்குப் போனோம். பெரியவர் ஒருவர் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். சாம்பல் நிறத்தில், இரண்டு பக்கமும் கட்டுப் போட்ட உருண்டை ஒன்றைச் செல்வி காட்டினாள். "ஹாகிஸ்னு பேரும்மா. இங்க இதான் ஃபேமஸ். நம்ம ஊரு குடல் மாதிரிதான்." உங்களுக்குத்தான் என்று உடனே வாங்கிவிட்டேன். நூக்கல் மாதிரி மஞ்சளாக ஒரு கிழங்கும், உருளைக்கிழங்கும் வாங்கினோம். இந்த ஊர்ச் சரக்கு உலகப் பிரசித்தமாம். அதை வாங்கவில்லை. ஆசைப்படாதீர்கள்.

செல்வி குளிக்கப் போனாள். நான் உருண்டையைப் பார்த்தேன். நம் கடையில் கழுவாமல் கொடுப்பார்களே, அந்த ஆட்டு வயிறு போலவே இருந்தது. கத்தியால் கீறி, சுடுதண்ணீர் ஊற்றி, கைப்பையில் கொண்டுவந்த மஞ்சள் தூளைப் போட்டுத் தேய்த்து அலசினேன். அலச அலசக் கலங்கல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளைக்காரன் ஆடு என்னதான் தின்னுமோ என்று திட்டிக்கொண்டே தேய்த்தேன்.

"அய்யய்யோ, இன்னாம்மா பண்ற!" செல்வி ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "அது வெந்ததும்மா! உள்ள இருக்கறதுதான் கறி! ஈரலு, இதயம் எல்லாம் அரைச்சு அடைச்சிருப்பாங்க!"

பாதி போய்விட்டது மாமா. உள்ளங்கையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். "அப்ப இது இன்னாடி, தவிடாட்டம்?"

"ஓட்ஸும்மா. ஈரலோட ஓட்ஸ் கலந்துதான் செய்வாங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கேட்டதும் நான் கொடுத்ததும் ஒரே உருண்டைக்குள் இருந்திருக்கிறது. ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. செல்வியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அப்பா இருந்தா உன்னை நல்லா ஓட்டியிருப்பாரும்மா" என்றாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சத்தை வெங்காயம், மிளகு போட்டுச் சுருள வதக்கினேன். அந்த நூக்கல் மாதிரிக் கிழங்கைக் கூட்டு வைத்தேன். இலை இல்லை, தட்டில்தான் படைத்தேன். அலமாரியைத் திறந்து அந்த ஓட்ஸ் பாக்கெட்டை வெளியே எடுத்து, அதன் மேல் சாய்த்து உங்கள் போட்டோ இருந்த போனை நிற்க வைத்தேன். முறைக்காதீர்கள்.

காக்காவுக்கென்று ஜன்னல் விளிம்பில் ஒரு பிடி வைத்தேன். காக்கா வரவில்லை. கடற்பறவை ஒன்று, வாத்து அளவுக்கு இருக்கும், கத்திக்கொண்டே இறங்கி மொத்தத்தையும் ஒரே வாயில் அள்ளிக்கொண்டு போனது. நீங்கள் என்றைக்குப் பொறுமையாகச் சாப்பிட்டீர்கள்? நீங்கள்தானே அது?

"சாப்புடும்மா" என்று செல்வி தட்டை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டேன் மாமா. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டிலும் குக்கர் விசில் அடிக்கும். குடல் கறிதான். ஜன்னலைத் திறந்து வைத்தே ஆக்குகிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கடைசி வரை கஞ்சி கொடுத்த பெண்டாட்டி,
செல்வியின் அம்மா
மல்லிகா